கணிப்பொறிச் சாளரமும் அளவுப் பிழையும்

இயற்பியல், வேதியியல், உயிரியல் என எத்துறையைப் பயில்வோராயினும், தமக்கு வேண்டிய சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டிய காலம் இன்று வந்துவிட்டது. கருவி தரும் எண்களைக் கணிப்பொறி வாங்கிக்கொள்ள வேண்டும். வரைபடமாகக் காட்ட வேண்டும். கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் சொல்லித்தர நூல்கள் உண்டு. ஆனால் அவ்வெண்களைக் காட்டும் சாளரத்தை, பேச்சு வழக்கில் விண்டோ என்கிறோமே அதனை, எவ்வாறு அமைப்பது என்று ஆய்வுக்கூடத்தில் எவரும் சொல்லித்தருவதில்லை. அது வெறும் ஒப்பனை வேலை என்ற எண்ணமே காரணம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், ஒரு சாளரம் என் குறிப்பேட்டில் பொய்யான எண்ணை எழுத வைக்கும் வரை.

நடந்ததைச் சொல்கிறேன். சோடியம் அயோடைடு படிகத்தால் ஆன காமாக் கதிர் உணர்கருவி ஒன்றை நான் கையாண்டு வருகிறேன். மண் மாதிரிகளில் உள்ள மிகச் சிறிய கதிரியக்கத்தை அளப்பது வேலை. மாதிரியை வைப்பதற்கு முன், ஈயக் கூண்டுக்குள் ஒன்றும் வைக்காமலே கருவியை ஓடவிட்டுப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்துகொள்ள வேண்டும். பிறகு மாதிரியின் எண்ணிக்கையிலிருந்து அதனைக் கழிக்க வேண்டும். பத்து நிமிட அளவையில் விநாடிக்கு ஏறக்குறைய மூன்றரை எண்ணிக்கை வந்தது. எதிர்பார்த்த அளவுதான். எண்ணிக்கை கூடக்கூடப் புள்ளியியல் பிழை குறையும் அல்லவா? ஆகவே ஓர் இரவு முழுவதும், பத்து மணி நேரம், ஓடவிட்டேன். காலையில் வந்து திரையில் நின்ற எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: 12456. பத்து மணி என்பது 36,000 விநாடி. வகுத்தால் 0.346. முதல்நாள் வந்ததில் பத்தில் ஒரு பங்கு!

படிகத்தில் ஈரம் புகுந்துவிட்டதோ, மின்னழுத்தம் இறங்கிவிட்டதோ, கம்பி எங்கேனும் தளர்ந்ததோ என்று இரண்டு நாள் தேடினேன். இரவு பதினொரு மணிக்கு அணுசக்தி நகர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அதே நினைவு. மூன்றாம் நாள் தற்செயலாகக் கோப்பைத் திறந்து பார்த்தபோது அங்கே 124561 என்று இருந்தது. கருவியில் பழுதில்லை, படிகத்தில் குறையில்லை. திரையில் கடைசி இலக்கம் ஒன்று தெரியாமற் போயிருந்தது, அவ்வளவே.

இதனைக் கவனியாது விட்டிருந்தால் என்ன ஆகும்? விநாடிக்கு 5.00 எண்ணிக்கை தரும் ஒரு மாதிரியில், பின்னணி நீங்க மெய்யாக எஞ்சுவது 1.54. என் குறிப்பேட்டின்படி கழித்தால் 4.65. சாதாரண மண்ணொன்று மும்மடங்குக் கதிரியக்கம் உடையதாக அறிக்கையில் ஏறியிருக்கும். ஒரு சொல் வெட்டுண்டால் அது வெட்டுண்டது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண் அப்படியன்று. இலக்கம் ஒன்று குறைந்தாலும் எஞ்சி நிற்பது இன்னோர் எண்ணாகவே நிற்கிறது. வந்த தொல்லை முழுவதும் இதில்தான்.

இனிக் காரணத்தை ஆராய்வோம்.

திரை என்பது பிக்ஸல் என்னும் நுண்ணிய கட்டங்களால் ஆனது. என் நிரலை நான் முதலில் எழுதியது 19 அங்குலப் பழைய திரையில். குறுக்கே 1280, நெடுக்கே 1024 பிக்ஸல். கணக்கிட்டால் அங்குலத்திற்கு 86 பிக்ஸல் வரும். பிறகு வாங்கிய 14 அங்குல மடிக்கணிப்பொறியில் குறுக்கே 1920, நெடுக்கே 1080, அங்குலத்திற்கு 157. ஆகவே 200 பிக்ஸல் அகலமுள்ள பொத்தான் பழைய திரையில் 5.9 செ.மீ. இருக்கும், புதியதில் 3.2 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். பிக்ஸல் என்பது முழமும் சாணும் போன்றது. யாருடைய கை என்று சொல்லாமல் நீளம் சொல்ல இயலாது.

முற்காலத்தில் இத்தொல்லை இல்லை. நம் மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், 1960ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறிக்கும் முடிவுகளை வரைந்து காட்டக் கதிர்க்குழாய்த் திரை ஒன்று உண்டு. அதனை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கிய ரங்கசாமி நரசிம்மன் சென்னையிற் பிறந்தவர் என்பதில் நமக்கெல்லாம் சிறிது பெருமையும் உண்டு. பொறி ஒன்று, திரை ஒன்று. நிரல் எழுதுவோர் திரையின் அளவை அறிந்தே எழுதினர். 1984இல் வந்த ஆப்பிள் மக்கின்டாஷிலும் ஏறத்தாழ அதே நிலைதான். 512க்கு 342 பிக்ஸல், அங்குலத்திற்கு 72. அச்சுக்கலையில் ஓர் அங்குலத்தை 72 பாயிண்ட் என்று பிரிப்பதால், ஒரு பிக்ஸல் ஒரு பாயிண்ட் என்று எளிதாகப் பொருந்திவிட்டது. விண்டோஸ் அங்குலத்திற்கு 96 என்று வைத்துக்கொண்டது. 12 பாயிண்ட் எழுத்து அங்கே 16 பிக்ஸல் உயரம் பெறும்.

திரைகள் நுண்மையாக ஆக ஆக, எழுத்துகள் கடுகளவாயின. ஆகவே இயக்க முறைமைகள் எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டும் வழியைக் கைக்கொண்டன. 125 விழுக்காடு என்றால் அங்குலத்திற்கு 96 என்பது 120 ஆகும்; 150 என்றால் 144. பெருக்கலைத் தானே கவனித்துக்கொள்வதாக ஒரு நிரல் அறிவிக்காவிட்டால் என்ன செய்வது? 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல் ஓர் ஏற்பாடு உண்டு: நிரலுக்குத் தெரியாமலே அதன் சாளரத்தை ஒரு படம் போல் இழுத்துப் பெரிதாக்கிவிடும். உருவம் கெடாது, ஆனால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல் மங்கித் தோன்றும்.

என் சாளரமும் அப்படித்தான் மங்கித் தோன்றியது. கண்ணுக்கு உறுத்தலாக இருந்ததால், நிரலின் தலைப்பில் ஒற்றை வரி சேர்த்தேன். செட் பிராசஸ் டிபிஐ அவேர்நெஸ் என்னும் கட்டளை அது. "பெருக்கலை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ தலையிடாதே" என்று விண்டோஸிடம் சொல்வதற்கு ஒப்பானது. உடனே எழுத்துகள் கத்தி முனைபோல் தெளிந்தன. மகிழ்ச்சியோடு வேறு வேலைக்குப் போய்விட்டேன். நோய் வந்தது அந்த மருந்தினால்தான்.

பைதான் மொழியில் சாளரம் அமைக்க நான் பயன்படுத்துவது டிகே என்னும் கருவித் தொகுதி. ஜான் அவுஸ்டர்ஹவுட் ஆக்கியது, 1991இல் வெளிவந்தது. அதில் எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்கிறோம். பெட்டியின் அகலத்தையோ பிக்ஸலில் சொல்லியிருந்தேன். பெருக்கல் 150 ஆனதும் எழுத்து ஒன்றரை மடங்கு வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. வளரும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புச் சட்டையையே மாட்டிவிட்டது போலாயிற்று. எட்டு இலக்கம் அடங்கும்படி அமைத்த பெட்டியில் இப்போது ஐந்து இலக்கமும் மூன்றில் ஒரு பங்கும்தான் அடங்கும். ஆறாவது இலக்கம் 1 ஆக இருந்தமையால், அதன் இடப்பக்கத்து மூன்றிலொரு பங்கு ஏறத்தாழ வெற்றிடம், கீற்றுக்கூடத் தெரியவில்லை. 99,999 வரை எண்ணிக்கை சரியாகவே காட்டப்படும். இலட்சத்தைத் தாண்டிய பிறகே பிழை. குறுகிய அளவைகளை ஓட்டி நிரலைச் சோதித்துப் பார்த்த எனக்கு இது எப்படித் தெரியும்? எண்ணை வலப்பக்கம் ஒட்டியிருந்தால் இன்னும் விந்தை. அப்போது வெட்டுண்டு போவது முதல் இலக்கமாக இருந்திருக்கும்.

பெட்டிகளின் அகலத்தையெல்லாம் ஒன்றரையால் பெருக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். நாளை வேறொரு திரை வரும். மீண்டும் பெருக்க வேண்டும். இடங்களை எண்ணாற் சொல்லாமல் உறவாற் சொல்வதே வழி. மாதுங்காவில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பரிமாறுபவர் அளவுகோல் கொண்டா வருகிறார்? இலையின் நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த மூலையில், அடுத்தடுத்துக் கறிவகை, சோறு நமக்கு எதிரே நடுவில். தலைவாழை இலை ஆனாலும், துண்டு இலை ஆனாலும் இந்த வரிசை மாறாது. இலை பெரிதானால் மிகுந்த இடம் சோற்றுக்குப் போகும். உப்பு அதே சிட்டிகைதான்.

டிகேயில் பிளேஸ், பேக், கிரிட் என மூன்று முறைகள் உண்டு. பிளேஸ் முறையில் ஒவ்வொன்றையும் இத்தனையாம் பிக்ஸலில் வை என்று ஆணியடிக்கலாம். நான் செய்த பிழை அதுதான். கிரிட் முறையில் நிரை, நிரல் எனக் கட்டம் பிரித்து ஒவ்வொன்றையும் அதற்குரிய கட்டத்தில் வைக்கிறோம். கட்டத்தின் அகலம் அதனுள் இருக்கும் எழுத்தின் தேவையைப் பொறுத்துத் தானே அமையும். ஒவ்வொரு வரிசைக்கும் வெயிட் என்றொரு எண் தரலாம். வரைபடம் இருக்கும் கட்டத்திற்கு 1, பொத்தான்களுக்கும் எண்ணிக்கைக்கும் 0 என்று தந்தேன். சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மிகுந்த இடம் முழுவதும் வரைபடத்திற்கே போகும். கட்டத்தை நிரப்பிக்கொண்டு பொருள் விரிய வேண்டுமானால் ஸ்டிக்கி என்ற குறிப்பில் நான்கு திசைகளையும் தரவேண்டும். இதை மறந்துவிட்டு, வெயிட் வேலை செய்யவில்லை என்று நான் ஒரு மாலை முழுவதும் நொந்துகொண்டேன்.

நீளம் கட்டாயம் வேண்டுமென்றால் பிக்ஸல் வேண்டா. டிகே சென்டிமீட்டரையும் பாயிண்டையும் ஏற்கும். 4 என்று எழுதும் இடத்தில் 4சி என்று ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதினால் நான்கு சென்டிமீட்டர். சாளரத்தின் குறைந்த அளவையும் நாமே ஊகிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அடுக்கிய பின், இதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று டிகேயையே கேட்டு, அதற்குக் கீழே சுருக்க முடியாதபடி மின்சைஸ் கட்டளையால் தடுத்துவிடலாம்.

இன்னும் ஒரு காப்பு. எக்ஸெல் அட்டவணையில் எண் கட்டத்திற்குள் அடங்காவிட்டால் அது எண்ணை வெட்டிக் காட்டுவதில்லை. கட்டம் முழுவதும் ### என்று நிரப்பிவிடுகிறது. எரிச்சலூட்டும் வழக்கம் என்று இதுகாறும் கருதியிருந்தேன். இப்போது அதனையே நானும் பின்பற்றுகிறேன். எண்ணை எழுதுமுன் அதன் அகலத்தை மெஷர் கட்டளையால் அளந்து, பெட்டி போதாவிட்டால் ### என்று காட்டச் செய்திருக்கிறேன்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அறிவியல் நாளை ஒட்டித் தாராவியிலிருந்து தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் எங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தனர். அவர்களுக்காகவே என் பழைய நிரலின் சொற்களை எல்லாம் தமிழாக்கினேன். "மண் அளவு" என்ற தலைப்பு திரையில் "மண அளவ" என்று நின்றது. பெட்டியின் உயரமும் பிக்ஸலில் அடிக்கப்பட்டதே. மேலே மெய்யெழுத்தின் புள்ளியும், கீழே வுகரத்தின் காலும் வெட்டுண்டன. "அண்ணா, மணத்தையும் இந்த மெஷின் அளக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அனைவரும் சிரித்தனர்; நானும் சிரித்தேன். ஆயினும் இலக்கம் மறைந்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆங்கில எழுத்தின் தலையைச் சிறிது அரிந்தாலும் பெரும்பாலும் அதே எழுத்தென ஊகிக்கலாம். நம் எழுத்தில் புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடுகிறது.

எழுத்துகளை எண்ணி அகலம் வகுப்பதும் தமிழுக்கு உதவாது. "நிறுத்து" என்பதில் நமக்கு எழுத்து நான்கு: நி, று, த், து. பைதானைக் கேட்டால் எட்டு என்கிறது. யூனிகோட் முறையில் ந, இகரக் குறி, ற, உகரக் குறி என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீடு. "கொ" என்பதோ குறியீட்டில் இரண்டு, திரையில் மூன்று உருவம். நாலா, எட்டா, எதனைக் கொண்டு பொத்தானின் அகலம் சொல்வது? இரண்டும் பயனில. அகலமே சொல்லாது விட்டு, வரைந்த சொல்லின் மெய்யான அளவைக் கொண்டு பொத்தான் தானே விரியுமாறு விடுவதே சரி. மொழிபெயர்த்த மென்பொருள்களில் தமிழ்ச் சொற்கள் வால் அறுந்து தொங்குவதைக் கண்டு, தமிழ்ச் சொல் நீளம் என்று மொழியின்மேல் குறை சொல்வோரைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலச் சொல்லை அளந்து பெட்டி தைத்தவர் குற்றம் அது.

சாளரம் அமைப்போர் அதனை 100, 125, 150, 200 ஆகிய நான்கு பெருக்கலிலும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வரக்கூடிய மிகப்பெரிய எண்ணையும் மிக நீண்ட தமிழ்ச் சொல்லையும் இட்டுப் பார்க்க வேண்டும். நான் பெட்டியில் 88888888 என்று இட்டுப் பார்க்கிறேன்; 8 போல் இரு பக்கமும் நிறைந்த இலக்கம் வேறில்லை.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. மடிக்கணிப்பொறியோடு வேறு பெருக்கல் உடைய இரண்டாம் திரையை இணைத்து, சாளரத்தை அங்கே இழுத்துச் சென்றால் என்னாகும்? விண்டோஸ் 8.1 முதல், 2013 தொடங்கி, திரைக்குத் திரை பெருக்கலை மாற்றிக்கொள்ள நிரலுக்கு உரிமை உண்டு. மேற்சொன்ன கட்டளைக்கு 2 என்று தந்தால் போதும். ஆனால் நான் வைத்திருக்கும் டிகே 8.6 பெருக்கலைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே பார்க்கிறது. ஆகவே 1 என்றே தந்திருக்கிறேன். இரண்டாம் திரையில் சாளரம் மங்கித்தான் தெரிகிறது; இலக்கங்கள் ஆறும் இருக்கின்றன. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் 12456 என்பதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 124561 என்று எழுதித் தேதியிட்டிருக்கிறேன். திருத்திய நிரல் வேண்டுவோர் விடுதியில் என்னைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.