உளுந்தை விற்று அப்பளம் வாங்கலாமா?

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பு, வயல் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிக்கப்படுகிறது. உழவு கிடையாது, தனிப் பாசனமும் கிடையாது. மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியுமே பயிரை வளர்க்கின்றன. ஆடுதுறை 3 இரகம் இதற்குப் பேர் பெற்றது. காய் முற்றியதும் செடியைப் பிடுங்கிக் களத்தில் சேர்ப்பதிலும், தூற்றிப் புடைப்பதிலும் பெரும் பங்கு பெண்களுடையது. ஆனால் உளுந்து மூட்டையாகி வண்டி ஏறியதும் அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்து அதே உளுந்து பருப்பாகவும் அப்பளமாகவும் ஊர்க் கடைக்கு வரும்போது, அவர்களே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்த இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம் என்று பல ஊர்களில் மகளிர் குழுக்கள் அப்பளத் தொழிலில் இறங்குகின்றன. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுய உதவிக் குழு முயற்சி மாநிலம் முழுவதும் பரவியதால், சேமிப்பும் கடனும் பெண்களுக்குக் கைவந்த கலையாகிவிட்டன. தொழில்தான் பல இடங்களில் நிலைப்பதில்லை. கைப்பக்குவத்தில் குறை இல்லை. கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது.

பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு நாளில் 20 கிலோ மாவுக்கு அப்பளம் இடுவதாகக் கொள்வோம். பருப்பு, அரைவை, உப்பு, அப்பளக்காரம், எண்ணெய், உறை எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். விற்று வந்தது 4,400 ரூபாய். 1,200 ரூபாய் இலாபம் என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஐந்து மணி நேரம் குழவி பிடித்திருக்கிறார். மணிக்கு 30 ரூபாய் என்று வைத்தாலும் கூலி மட்டும் 1,500 ரூபாய் ஆகிறது. உண்மையில் அன்றைக்கு 300 ரூபாய் நட்டம். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்பட்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நட்டத்தைப் பெண்களின் தோளும் இடுப்பும் தாங்கிக்கொள்வதால் அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இதன் விளைவு கொடியது. அன்றாடக் கூலியை நம்பி அடுப்பு எரிப்பவர்தான் குழுவிலிருந்து முதலில் விலகுகிறார். அவருக்கு நடவும் களையெடுப்பும் அன்றே காசு தரும்; அப்பளமோ மாதக் கடைசியில் "பார்க்கலாம்" என்கிறது. வசதியுள்ள நாலைந்து பேர் எஞ்சுகிறார்கள். யாரை எண்ணித் தொழில் தொடங்கப்பட்டதோ அவரே வெளியே நிற்கிறார்.

எழுவரும் எண்பது ரூபாயும்

இதற்கு விடை கண்டவர்கள் மும்பையில் இருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல், சகன்லால் கரம்சி பாரேக் என்ற பொதுநல ஊழியர் கொடுத்த 80 ரூபாய் கடன். முதல் நாள் உற்பத்தி நான்கு பொட்டலம். நட்டமே வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். அதுவே இன்று 40,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வேலை தரும் லிஜ்ஜத் நிறுவனம். எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அங்கு வேலை நடக்கும் முறைதான் நமது குழுக்கள் கவனிக்க வேண்டியது. மாவு பிசைவது ஒரே இடத்தில், கிளை நிலையத்தில். காலையில் உறுப்பினர்கள் வந்து பிசைந்த மாவை எடை போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் செல்கிறார்கள். வீட்டு வேலைக்கு நடுவே அப்பளம் இட்டு உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். தரம் பார்த்து எடுத்துக்கொண்டதும் இட்ட எடைக்கு உரிய கூலி கொடுக்கப்படுகிறது. இலாபப் பங்கீடு தனிக் கணக்கு. அது பிறகு வருகிறது. அதாவது கூலி, பருப்பு விலையைப் போல ஒரு செலவு. அதைக் கொடுத்த பின்பு மிஞ்சுவதற்குத்தான் இலாபம் என்று பெயர். உறுப்பினர் அனைவரும் உடைமையாளர். ஒருவரை ஒருவர் "பென்", அதாவது சகோதரி, என்றே அழைக்கிறார்கள். ஆண்கள் கணக்கெழுதவும் வண்டி ஓட்டவும் சம்பளத்துக்கு இருக்கலாம், உறுப்பினராக முடியாது.

தொடக்கத்தில் அவர்கள் உயர் தரம், மலிவுத் தரம் என்று இரண்டு வகை அப்பளம் செய்ய முற்பட்டார்கள். தரம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக எழுதப்பட வேண்டும் என்று பாரேக் வற்புறுத்தினார். முதல் ஆண்டு மழைக்காலத்தில் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலையும் ஓர் அடுப்பையும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளம், கீழே அடுப்பு. 1961இல் மலாடில் கிளை தொடங்கும் முயற்சி பலிக்கவில்லை. 1966இல் சங்கமாகப் பதிவு செய்த பிறகு, கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் ஏற்பும் கிடைத்தது.

மும்பையில் வாசலைத் தாண்டினால் சந்தை. நமது கிராமங்களில் அப்படி இல்லை. ஆகவே ஒரே குழு தனியாக இறங்குவதைவிட, அருகருகே உள்ள மூன்று நான்கு குழுக்கள் சேர்ந்து ஓர் இடத்தில் மாவு பிசைந்து, ஒரே பெயரில், ஒரே உறையில் விற்பது நல்லது. ஊர்க் கடைக்காரர் கடன் சொல்வார். முதல் ஆண்டில் ரொக்கத்துக்கு வாங்குவோருக்கு மட்டுமே சரக்குத் தரலாம். விற்பனை குறைந்தாலும் தாழ்வில்லை.

உளுந்து வாங்கும் பருவம்

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த உளுந்து ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அறுவடைக் காலத்தில் களத்து விலை இதற்குக் கீழே இறங்கினால், குழு இந்த விலையைக் கொடுத்துத் தன் உறுப்பினர் வீட்டு உளுந்தையே வாங்கிக்கொள்ளலாம். விளைவித்தவருக்கும் நன்மை, குழுவுக்கும் தெரிந்த சரக்கு. 100 கிலோ உளுந்தை உடைத்தால் ஏறத்தாழ 70 முதல் 75 கிலோ பருப்புத் தேறும். குருணையும் தவிடும் கறவை மாட்டுக்கு ஆகும்.

உளுந்தைப் பத்து சத ஈரப்பதத்துக்கு நன்கு காய வைத்த பின்பே சேமித்தல் வேண்டும். பயறு வண்டு வயலிலேயே காய்மீது முட்டையிட்டு, மூட்டையோடு வீடு வந்து சேர்கிறது. முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் இவ்வண்டின் தாக்குதல் குறைவு; ஆதலால் உளுந்தைக் காலம் தாழ்த்தாமல் உடைத்து வைப்பதே மேல்.

அப்பளக்காரம் அளவு மிஞ்சினால் பொரிக்கும்போது சிவந்து கசக்கும். ஈரம் மிச்சமிருந்தால் பூசணம் பிடிக்கும். கடும் வெயிலில் முறுகக் காய்ந்தால் உறையிலேயே நொறுங்கும். இளவெயிலில் சற்று வைத்து, பிறகு நிழலில் உலர்த்துவது ஏற்றது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இன்றி விற்பனை தொடங்கக் கூடாது. பயிற்சிக்கு மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

நெல் தரிசு உளுந்து களத்துக்கு வரும் பங்குனி, சித்திரையே அப்பளம் உலர்த்தவும் ஏற்ற காலம். உளுந்து வாங்கும் பணத்தைக் குழுக்கள் தை மாதத்திலிருந்தே தனியே சேர்த்து வர வேண்டும். கூலிக்கென ஒரு தனி நோட்டும் அப்போதே போட்டுவிடலாம்.