இயங்க மறுத்த முதல் கணினி

கணினிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்தும் ஆர்வம் நம் மாணவர்களிடையே நிறையவே இருக்கிறது. எப்படிப் பொருத்துவது என்று சொல்லித் தர ஆள்களுக்குப் பஞ்சமில்லை. பொருத்திய பின் அது இயங்காவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று சொல்பவர்கள்தாம் குறைவு. கியா பார்மில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டுதான் அதை நான் கற்றுக்கொண்டேன்.

விடுமுறை நாள்களில் சந்தையில் காய்கறிக் கடையில் நின்று சேர்த்த பணம், 2,000 ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம். அதைக் கொண்டு ஈப்போவில் பாகங்களை வாங்கினேன். செலவைக் குறைக்க, பெட்டியை மட்டும் மாமா மகனிடமிருந்து பழையதாக வாங்கிக்கொண்டேன். ஏழு நாளுக்குள் பழுது என்று கொண்டு வந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் இருப்பதோ 1,500 மீட்டருக்கும் மேலே. கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி ஈப்போ போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாமல் எதைத் தூக்கிக்கொண்டு போவது? இறுதியாண்டு ஆய்வுப் பணியை இந்தக் கணினியில்தான் முடிப்பேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

இரவு பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அரைச் சுற்று.

அன்றிரவு நான் செய்தது அத்தனையும் தவறு. நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன், வரைகலை அட்டையைக் கழற்றி மாட்டினேன், வன்தட்டின் கம்பியை மாற்றினேன், தாய்ப்பலகையின் மின்கலத்தையும் எடுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ததால், எது எதை மாற்றியது என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தை, "பனி உள்ளே இறங்கியிருக்கும்மா" என்றார். எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழி பனியின் மேல்தான்! இதில் பாதி உண்மை உண்டு. சுற்றியுள்ள ஈரக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் பொருளின் மேல்தான் நீர் படியும். ஈப்போ வெயிலிலிருந்து மலையேறிய பாகங்கள் எங்கள் வீட்டுக் காற்றைவிடச் சூடாகவே இருந்திருக்கும். ஆகவே பனிக்கு இதில் பங்கில்லை. அஞ்ச வேண்டியது மறுதிசைப் பயணத்துக்குத்தான். மலைக்குளிரில் கிடந்த மடிக்கணினியைக் கீழே கொண்டுபோனவுடன் திறந்து இயக்காதீர்கள். பையிலேயே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

மாலையில் வேலை முடிந்து வந்த அப்பா கேட்டது ஒரே கேள்வி. "எது வரைக்கும் கரண்டு வருதுன்னு பாத்தியாம்மா?" அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவர். கொழுந்து வாடவைக்கும் தொட்டியின் காற்றாடி நின்றுபோனால், மோட்டாரைக் கழற்றுவது அவருக்குக் கடைசி வேலை. மின்சாரம் வரும் திசையிலேயே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போவார்.

கணினிக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. சுவரில் செருகியதுமே, பொத்தானை அழுத்தும் முன்பாகவே, மின்வழங்கிப் பெட்டி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்குத் தரும். பொத்தானை அழுத்தினால் மற்ற மின்னழுத்தங்களும் எழும். அவை நிலைபெற்றதும், அரை வினாடிக்குள், "எல்லாம் சரி" என்று மின்வழங்கி ஒரு சைகை கொடுக்கும். அதற்குப் பிறகே செயலி விழித்து, பயோஸ் சில்லிலுள்ள முதல் கட்டளையைப் படிக்கும். அடுத்து நினைவகச் சோதனை, பிறகு வரைகலை, கடைசியில்தான் வன்தட்டு.

என் கணினியில் அரைச் சுற்றிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. செயலி ஒரு கட்டளையைக்கூடப் படித்திருக்க வாய்ப்பில்லை. அப்படியிருக்க வன்தட்டுக் கம்பியை மாற்றி என்ன பயன்? காற்றாடி தொடர்ந்து ஓடித் திரை மட்டும் இருண்டிருந்தால் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். சட்டென்று அணைந்தால், பெரும்பாலும் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள்.

தாய்ப்பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனவே சுவர்ச் செருகி, அதனுள் இருக்கும் ஃபியூஸ், கம்பி ஆகியவற்றில் குறையில்லை. அடுத்து மின்வழங்கியைத் தனியே சோதித்தோம். மின்சாரத்தை நிறுத்தி, 24 முனை இணைப்பைப் பலகையிலிருந்து பிடுங்கி, அதிலுள்ள பச்சைக் கம்பியின் துளையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி இணைத்தோம். சில பெட்டிகளில் எல்லாக் கம்பியும் கறுப்பாகவே இருக்கும். அங்கே 16ஆம் முனையை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் பெட்டியின் காற்றாடி நிற்காமல் ஓடியது. சுமை ஏறினாலும் அது தாங்கும் என்பதற்கு இது சான்றாகாது. ஆனாலும் அடியோடு செத்துவிடவில்லை என்று தெரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உள்ள மின்தேக்கிகள் ஆளை அடிக்கும்.

பிறகு தாய்ப்பலகையையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தோம். செயலி, அதன் காற்றாடி, ஒரே ஒரு நினைவகம், 24 முனை இணைப்பு, செயலிக்கான 8 முனை இணைப்பு ஆகியவற்றோடு சரி. அந்த 8 முனை இணைப்பைப் பலர் மறந்துவிடுவார்கள். பொத்தான் இல்லாததால், அதற்குரிய இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் நொடிப்பொழுது தொட்டேன்.

காற்றாடி சுழன்றது. நிற்கவில்லை.

அப்பா பலகையைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த பெட்டியைத்தான் பார்த்தார். "உன் போர்டுல எத்தன ஓட்டை?" ஒன்பது. "பெட்டியில எத்தன கால்?" பலகையைத் தகட்டில் படாமல் தாங்கி நிற்கும் சிறிய பித்தளைக் கால்களைத்தான் சொன்னார். எண்ணினேன். பன்னிரண்டு!

மாமா மகனின் பழைய பலகை 244 மில்லிமீட்டர் உயரமுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ். என்னுடையது 305 மில்லிமீட்டர் ஏடிஎக்ஸ். இரண்டுக்கும் ஆறு துளைகள் பொது. கீழ் வரிசை மூன்று மட்டும் இடம் மாறும். நான் புதிதாக மூன்று கால்களைத் திருகினேனே தவிர, பழைய மூன்றைக் கழற்றவில்லை. அவை பலகையின் அடியில், துளையே இல்லாத இடத்தில், ஈயப் பற்றுகளை முட்டிக்கொண்டு நின்றன. பெட்டியோ இரும்பு. இடைநிலைப்பள்ளியில் இதை 'லித்தார் பிந்தாஸ்' என்று வரைபடம் போட்டுப் படித்திருக்கிறேன். தமிழில் குறுக்குச் சுற்று. அப்பாவுக்கு அது 'சோர்ட்'. பார்த்தவுடன் அடையாளம் கண்டவர் அவர்தான்.

மூன்று கால்களையும் கழற்றிவிட்டுப் பலகையைத் திரும்பப் பூட்டினேன். காற்றாடி ஓடியது, ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. இந்த முறை நான் பதறவில்லை, ஏனென்றால் கட்டம் மாறிவிட்டது. பலகை ஓரத்தில் செயலி, நினைவகம், வரைகலை, வன்தட்டு என்று நான்கு சோதனை விளக்குகள் இருந்தன. முதல் மூன்றும் எரிந்து அணைந்துவிட்டன. அப்படியானால் படம் உருவாகிறது, வேறெங்கோ போகிறது. திரையின் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையில் செருகியிருந்தேன். என் செயலி ரைசன் 5 5600. அதனுள் வரைகலைப் பகுதி கிடையாது. இன்டெல் செயலிகளில் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தாலும் அப்படித்தான். கம்பியை வரைகலை அட்டைக்கு மாற்றினேன்.

இந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்கலாம். நினைவகம் இரண்டென்றால் பெரும்பாலான பலகைகளில் செயலியிலிருந்து இரண்டாவது, நான்காவது துளைகளே சரி; 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். டிடிஆர்5 நினைவகமானால் முதல் தடவை சில நிமிடம் திரை இருண்டே கிடக்கலாம். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். பலகை செயலியைவிட மூத்ததாக இருந்தால், பயோஸைப் புதுப்பிக்கும்வரை அது புதிய செயலியை அறியாது.

அன்றிரவு பயோஸ் திரையில் செயலியின் வெப்பம் 27 பாகை என்று காட்டியது. விடுதிக்குக் கொண்டு வந்த பிறகு ஒருநாளும் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. கழற்றிய மூன்று பித்தளைக் கால்களையும் அப்பா தம் கருவிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.