மரக்கால் கொண்டு அளப்பவன்



சாத்தான்குளத்துச் சீமை வானம் பார்த்த பூமி. வடக்கே தாமிரவருணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் செழிக்க, இங்கே தேரி மணலும் பனையும், மழை பெய்தால் நிறையும் குளமுமே குடியானவனுக்குத் துணை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அடுப்பு எவ்வாறு எரியும் என்னும் கவலை இம்மண்ணில் பிறந்தார் யாவரும் அறிந்ததே. படைத்தவன் படியளப்பான் என்று பெரியோர் ஆறுதல் கூறுவர். அவன் அளப்பான் எனில் நாம் உழைப்பானேன்? அவனிடம் சோறு வேண்டுதல் பக்திக்கு இழுக்காகுமோ? அன்றாடம் எழும் இவ்வையங்களைச் சிறிது ஆராய்வோம்.

நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூர், மதுரகவியாழ்வார் திருவவதாரம் செய்த தலம். திருவாய்மொழி 6-ஆம் பத்தின் 7-ஆம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் இதனை மங்களாசாஸனம் செய்தருளினார். திருக்கோளூர் நோக்கி இல்லம் விட்டுச் சென்ற மகளை எண்ணித் தாய் இரங்குவதாக அமைந்தது அப்பதிகம். மகளுக்கு அன்னமும் நீரும் வெற்றிலையும் கண்ணனே என்கிறாள் தாய். இம்மூன்றையும் தாரகம், போஷகம், போக்யம் என வகுத்தனர் பூர்வாசாரியர்கள். உயிரைத் தாங்குவது தாரகம், வளர்ப்பது போஷகம், இனிப்பது போக்யம். எம்பெருமான் சோறு தருபவன் என்ற அளவில் நில்லாது, சோறே அவன் எனக் கண்டது ஆழ்வார் திருவுள்ளம்.

அத்தலத்துப் பெருமாளின் திருநாமம் வைத்தமாநிதி. குபேரன் சாபத்தால் இழந்த நவநிதிகளும் இப்பெருமாளைச் சரணடைந்தன என்றும், பின்னர் அவன் வழிபட்டு அவற்றில் ஒரு பகுதியைப் பெற்றான் என்றும் தலபுராணம் கூறும். பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துச் சயனித்திருக்கிறார். மரக்கால் அளக்கும் கருவி. அதற்கு ஒரு விளிம்பு உண்டு. விரும்பியதையெல்லாம் கொட்டுபவனாக அன்றி, வேண்டுவதை அறிந்து அளப்பவனாகவே அவன் அங்கே காட்சி தருகிறான்.

இனி, கூரத்தாழ்வான் சரிதத்தை நோக்குவோம். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்த அவர், அனைத்தையும் துறந்து, தேவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் புறப்பட்டார். காட்டு வழியில் அச்சமுண்டோ என்று வினவினார் தேவியார். மடியில் பொருள் இருந்தாலன்றோ அச்சம் என்றார் ஆழ்வான். அம்மையார் வைத்திருந்த பொன்வட்டிலை வாங்கி வீசியெறிந்தார்.

திருவரங்கத்தில் நாள்தோறும் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தார். ஒருநாள் பெருமழையால் வெளியே செல்ல இயலவில்லை, இருவரும் பட்டினி. இரவில் கோயிலில் அரவணை அமுது செய்யும் வாத்திய ஓசை கேட்டது. உம் அடியார் பசித்திருக்க நீர் அமுது செய்கிறீரோ என்று தேவியார் மனத்துள் நினைத்த அளவிலேயே, பெருமாள் நியமனப்படி உத்தமநம்பி பிரசாதத்துடன் வந்து நின்றார். ஆழ்வான் மகிழவில்லை, பெருமாளுக்குச் சிரமம் கொடுத்தாயே என்று தேவியாரைக் கடிந்தார். பின்னர்ச் சிறிதளவே ஏற்றுக்கொண்டார்.

இதனால் மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, ஆழ்வான் சோம்பியிருக்கவில்லை. தம்மால் இயன்றவரை நாள்தோறும் தெருவில் நடந்தார். இரண்டாவது, பசித்தவளின் நினைவைப் பெருமாள் பிழையெனத் தள்ளவில்லை, பிரசாதமே அனுப்பினார். மூன்றாவது, பட்டினி பக்திக் குறைவுக்கு அடையாளம் அன்று. ஆழ்வானே பட்டினி கிடந்தார் எனில், பசித்தவனைப் பார்த்து உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல நமக்கு வாயேது?

கீதையின் 9-ஆம் அத்தியாயம் 22-ஆம் சுலோகத்தில் பக்தரின் யோகக்ஷேமத்தைத் தானே தாங்குவதாகக் கண்ணன் அருளிச்செய்தான். பெறாததைப் பெறுதல் யோகம், பெற்றதைக் காத்தல் க்ஷேமம் என்பது பொதுப்பொருள். எம்பெருமானாரோ தம் கீதாபாஷ்யத்தில், யோகம் என்பது தன்னை அடைதல், க்ஷேமம் என்பது மீண்டும் பிறவிக்குத் திரும்பாமை என்று உரைத்தருளினார். ஆதலின், அன்றாடச் சோறு அவன் கருணையின் தொடக்கம், முடிவு அவனேயாவான்.

நிற்க. அவன் யார் கையால் அளக்கிறான்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதி கண்ட பேய்மழையை மறக்க ஒண்ணாது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அருகிலுள்ள புதுக்குடி ஊரார், தாங்களும் வெள்ளத்தால் வருந்தியவரேயாயினும், அம்மன் கோயிலில் உலையேற்றி முகமறியாதவர்க்குச் சோறு வடித்தனர். உத்தமநம்பி சுமந்த பிரசாதத்திற்கும் அச்சோற்றுக்கும் என்ன பேதம்? ஒருவன் பசிக்கு எம்பெருமான் அளந்த நெல் மற்றொருவன் குதிரில் இருக்கலாம். அதனைக் கொண்டு சேர்ப்பதே கைங்கரியம்.

ஆகவே உழுவோம், அதனையும் அவனுக்குச் செய்யும் பணியாகக் கருதுவோம். மழை பொய்த்த ஆண்டில் கூசாது அவனிடம் முறையிடுவோம். விளைந்த ஆண்டில் நாள்தோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து, பசித்த ஓர் இல்லத்திற்குச் சேர்ப்போம். நம் கை வைத்தமாநிதியின் மரக்காலாக அமைய, அவன் திருவடிகளையே பற்றுவோமாக.