சிற்றூர்த் துப்பறியும் கதைகள்

துப்பறியும் கதைகளைக் கற்றறிந்தோர் பெரிதும் மதிப்பதில்லை. அவை பொழுதை விழுங்கும், சுவையுணர்வைக் கெடுக்கும், தேர்வு நெருங்குங்கால் மாணவனைப் பாடநூலினின்றும் பிரிக்கும் என்று அவர் கூறுவர். இறுதியிற் கூறிய குற்றத்தை மறுக்க எம் விடுதியில் உள்ளார் ஒருவரும் துணியார். ஆயினும், நெற்குவையில் பதர் மிகுதி என்பதனால் அதில் மணியே இல்லை என்று முடிவுகட்டுதல் நேரிதன்று. துப்பறியும் கதைகளுள் சிற்றூரை நிலைக்களமாகக் கொண்டெழுந்த சில வரிசைகள் மாணவர் விரும்பிப் படித்தற்கு உரியன என்பதும், அவை உணர்த்தும் அறம் ஒன்று நம் அன்றாட வாழ்க்கைக்கு இன்றியமையாதது என்பதும் என் துணிபு. அதனை இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்வகைக் கதையின் இலக்கணத்தைக் காண்போம். கதை நிகழுமிடம் ஒரு சிற்றூர். அன்றேல் ஒரு சிறு நகரம். அங்கே ஒரு கோயில், ஓர் அஞ்சல் நிலையம், ஒரு மருத்துவர், இரண்டொரு கடைகள், தலைமுறையாய் வாழ்ந்துவரும் சில குடும்பங்கள். துப்பறிபவர் பெரும்பாலும் அத்தொழிலைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். ஊர்வாழ்வினை உற்றுநோக்கிப் பழகிய ஒருவர். கொலை உண்டு, ஆனால் குருதியை விரித்துரைக்கும் வழக்கம் இல்லை. ஆங்கிலேயர் தேநீர்க் கெண்டியின் சூடு ஆறாதிருக்க அதன்மேற் கவிக்கும் துணியுறையைக் 'கோஸி' என்பர்; கதகதப்பும் அடக்கமும் உடைய எதற்கும் அச்சொல் வழங்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கதைகட்கும் அதுவே பெயராயிற்று. பெயர் பிற்காலத்தது; பொருளோ அதற்கு நெடுநாள் முன்னரே இருந்தது.

இனி, கதை சிற்றூரில் நிகழ்வதனால் விளையும் சிறப்பு யாது? பெருநகரில் ஒரு கொலை நிகழுமாயின், அதனைப் பற்றி எழும் ஐயம் பல்லாயிரவர்மேற் பரந்து மெலிந்துவிடும். அண்டை வீட்டார் ஐயுற்றால் வேறு தெருவிற்குக் குடிபெயரலாம். சிற்றூரில் அவ்வாறன்று. கொன்றவர் நம்முள் ஒருவரே என்பது தெரிந்தவுடன், ஐயம் பத்துப் பன்னிருவர்மேல் மட்டும் வந்து தங்குகிறது. அவரனைவரும் நாள்தோறும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர். ஒரே கடையிற் பண்டம் வாங்க வேண்டியவர். ஒரே கோயிலில் அருகருகே முழந்தாளிட வேண்டியவர். குற்றவாளி ஒருவன், உண்மை வெளிப்படுமளவும் தண்டனையோ எல்லார்க்கும். ஆகலின், இக்கதைகளில் துப்பறிதலின் முதற்பயன் குற்றவாளியைப் பிடித்தலன்று, குற்றமற்றவரை விடுவித்தலேயாம்.

இத்துறையில் தலைமை பெற்றவர் அகதா கிறிஸ்டி அம்மையார். 1890-இல் டெவன் பகுதியைச் சேர்ந்த டார்க்கீ நகரிற் பிறந்து 1976-இல் மறைந்த இவர், முதல் உலகப் போரின்போது தம் ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் பணியை மேற்கொண்டிருந்தார். நஞ்சுகளின் இயல்பை இவர் பிழையின்றி எழுதுவதற்கு அப்பயிற்சியே காரணம். இவர் படைத்த மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய கன்னி முதன்முதல் 1927-இல் ஒரு சிறுகதையில் தோன்றினாள். அவள் இடம்பெறும் முதல் நாவல், 1930-இல் வெளிவந்த 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' என்பது. 12 நாவல்களிலும் 20 சிறுகதைகளிலும் அவளை நாம் காண்கிறோம்.

மிஸ் மார்ப்பிள் செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில் வாழ்பவள். நரைத்த தலையும், பின்னல் ஊசியும், தோட்டத்துச் செடிகளுமாய் இருக்கும் அவளைக் காவலர் முதலிற் பொருட்படுத்துவதில்லை. அவள் கையாளும் முறை மிக எளிது. புதிதாய் ஒருவரைக் கண்டால், தன் ஊரில் முன்பு கண்ட ஒருவரை அவள் நினைவுகூர்வாள். பணிப்பெண்ணின் பொய், கடைக்காரரின் சிறு சூது, மணமான முதியவரின் மயக்கம் ஆகிய இவற்றையெல்லாம் அவள் நெஞ்சம் சேமித்து வைத்திருக்கிறது. மனித இயல்பு எங்கும் ஒன்றே. சிற்றூரில் அதனை அணித்தே நின்று காண வாய்க்கிறது என்பது அவள் கொள்கை.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஊர்வம்பைக் கேட்டுத் துப்பறிபவள் வம்பளப்பவரின் எவ்வகையில் உயர்ந்தவள்? வம்பளப்பவர் முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றினைப் பின்னர்த் தேடுவர். மிஸ் மார்ப்பிளோ கேட்டதனைத்தையும் நெஞ்சில் நிறுத்தி, அவை தம்முள் பொருந்துமளவும் காத்திருப்பாள். யாரையும் எளிதில் நம்பாதவள் அவள். ஆயினும் நம்பாமையும் பழிதூற்றலும் வேறு வேறு என்பதை நன்கு அறிந்தவள்.

1932-இல் வெளிவந்த 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' என்னும் சிறுகதைத் தொகுதியை இவ்வரிசைக்கு நுழைவாயிலாகக் கொள்ளலாம். நண்பர் சிலர் மாலைப்போதில் கூடி, தாம் அறிந்த புதிர் ஒன்றை முறையே கூற, அம்முதியவள் பின்னிக்கொண்டே விடை பகர்வாள். அத்தொகுதியில் 'தி போர் சஸ்பெக்ட்ஸ்' என்னும் கதை நம் கருத்துக்கு மிக இன்றியமையாதது. தீய மறைகுழு ஒன்றை வெளிப்படுத்திய ஜெர்மானிய அறிஞர் ஒருவர், உயிர்க்கு அஞ்சி இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் வந்து தங்குகிறார். ஒரு நாள் மாடிப்படியின் அடியில் இறந்து கிடக்கிறார். வீட்டில் உள்ளவர் நால்வர்: உறவினள் ஒருத்தி, பல்லாண்டு உழைத்த முதிய பணிப்பெண், தோட்டக்காரன், செயலாளன். நால்வருள் ஒருவரே குற்றவாளி. காவல் துறைத் தலைவராயிருந்து ஓய்வுபெற்றவர் இக்கதையைக் கூறுங்கால், தம்மை வருத்துவது தப்பிச் செல்லும் குற்றவாளியன்று என்கிறார். ஏனை மூவரும் வாழ்நாள் முழுதும் ஐயத்தின் நிழலிற் கிடக்க வேண்டுமே என்பதே அவர் கவலை. நெடுநாள் உண்மையாய் உழைத்த ஒருத்தி, கைம்மாறாகப் பெறுவது அந்நிழல்தானா? இவ்வினாவை எழுப்பும் கதையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கூறி ஒதுக்குதல் எங்ஙனம்?

இதே அறத்தை விரித்துரைப்பது 'தி மூவிங் பிங்கர்' என்னும் நாவல். லிம்ஸ்டாக் என்னும் சிறு நகருக்கு, வானூர்தி விபத்தில் அடிபட்ட இளைஞன் ஒருவன் உடல்தேற வருகிறான். அங்கே வீடுதோறும் பெயரில்லாக் கடிதங்கள் வருகின்றன. அவற்றில் உள்ளவை பொய் என்று எல்லாரும் கூறுவர். ஆயினும் 'நெருப்பின்றிப் புகையுமா?' என்று உள்ளூர எண்ணுவாரும் பலர். நகரம் மெல்ல மெல்லத் தன்னைத் தானே நம்பாத நிலையை எய்துகிறது. நஞ்சினைக் கடிதத்தில் தடவியவர் ஒருவரே. அதனை ஊரெங்கும் பரப்பியவர் அதனை நம்பியவர் அனைவருமே என்பதை இந்நாவல் தெளிவாக்குகிறது.

அடுத்துக் கூறத்தக்கவர் ஜி. கே. செஸ்டர்டன். 1874-இல் பிறந்து 1936-இல் மறைந்த இவர், தம் நண்பராகிய ஜான் ஓகானர் என்னும் குருவை முன்னிலையாகக் கொண்டு பாதர் பிரவுனைப் படைத்தார். 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. எல்லாக் கதைகளும் சிற்றூரில் நிகழ்வன அல்ல. ஆயினும் முதற்றொகுதியில் உள்ள 'தி ஹாம்மர் ஆப் காட்' மலைமேல் அமைந்த சிற்றூர் ஒன்றின் கதை. தீயொழுக்கமுடைய கர்னல் ஒருவர் கொல்லுலையின் அருகே, தலை நொறுங்கிக் கிடக்கிறார். அடியின் வன்மையைக் கண்டோர் கொல்லனை ஐயுறுகின்றனர். சுத்தியல் சிறிதாயிருத்தலைக் கண்டோர் அவன் மனைவியை ஐயுறுகின்றனர். பின்னர் ஊரில் திரியும் அறிவு குன்றிய ஒருவன்மேல் ஐயம் தாவுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவன்மேற் பழி எத்துணை எளிதில் சென்று படிகிறது என்பதை இங்கே காண்கிறோம். பாதர் பிரவுன் உண்மையை உணர்ந்த பின்னும் குற்றவாளியைக் காவலரிடம் காட்டிக் கொடுப்பதில்லை. அவன் தானே சென்று ஒப்புக்கொள்ளும்படி விடுகிறார். குற்றம் செய்தவன் உள்ளத்துள் தாமே புகுந்து, அக்குற்றம் தம்மாலும் செய்யக்கூடியதே என உணர்தல் அவர் துப்பறியும் முறை. ஆகலின் அவரிடம் கடுமை இல்லை.

மூன்றாவது நூல் டாரதி ஸேயர்ஸ் அம்மையார் 1934-இல் வெளியிட்ட 'தி நைன் டெய்லர்ஸ்'. கிழக்கு இங்கிலாந்தின் தாழ்ந்த சதுப்பு நிலப் பகுதியில் குருவாகப் பணியாற்றியவரின் மகள் இவர். அந்நிலமே இந்நாவலுக்குக் களம். புத்தாண்டின் முன்னிரவில் பனியிற் சிக்கிய பீட்டர் விம்ஸி பிரபு சிற்றூர்க் குருவின் இல்லத்தில் தங்குகிறார். மணியடிப்போருள் ஒருவர் காய்ச்சலாற் படுக்க, அவருக்கு மாற்றாக நின்று ஒன்பது மணி நேரம் கோயில் மணி அடிக்கிறார். சில மாதங்களுக்குப் பின், ஒருவருக்குரிய கல்லறையில் வேறொருவர் உடல் காணப்படுகிறது. மணியோசையின் ஒழுங்கும் வெள்ளப்பெருக்கின் அச்சமும் கலந்த இந்நாவல், நடையழகால் ஏனையவற்றின் மேம்பட்டது. சற்றே கடினம், ஆதலின் இறுதியிற் படித்தல் நன்று.

பிற்காலத்தாருள் இருவரைக் குறிப்பிடுவேன். எம். ஸி. பீட்டன் என்னும் புனைபெயருடைய அம்மையார் 1985-இல் தொடங்கிய வரிசையில், ஸ்காத்லாந்தின் மலைநாட்டுச் சிற்றூர்க் காவலன் ஹேமிஷ் மெக்பெத், ஊரைப் பிரிய மனமின்றிப் பதவியுயர்வைத் தட்டிக்கழிக்கிறான். பிறர் மறைவுகளைத் தோண்டியெடுத்தலே தொழிலாகக் கொண்ட ஒருத்தியின் கொலை முதற்கதையின் பொருள். கனடா நாட்டு லூயிஸ் பென்னி அம்மையார் 2005-இல் 'ஸ்டில் லைப்' என்னும் நாவலோடு தொடங்கிய வரிசை, கியூபெக் மாநிலத்தில் த்ரீ பைன்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூரைப் பற்றியது. அனைவரும் அன்பு செய்த முதிய ஆசிரியை காட்டில் இறந்து கிடக்க, கமாஷ் என்னும் காவல் அதிகாரி ஊராரிடையே பொறுமையோடு ஆராய்கிறார்.

இக்கதைகளின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஒரு சிறு ஊரில் இத்தனை கொலைகள் நிகழ்தல் இயல்பன்று. பணியாளரை அறிவிலிகளாகக் காட்டும் இடங்கள் பழைய நூல்களிற் பல. இந்நாளில் எழுதப்படுவனவற்றுட் சில, பலகாரமும் பூனையுமே கதையாக, இறந்தவரைப் பற்றி ஒரு துளி இரக்கமும் இன்றி நடப்பன. அவற்றை யான் பரிந்துரையேன். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. கிறிஸ்டியும் ஸேயர்ஸும் முதலில் எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் கொலைக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. 1965-இல் அது நிறுத்திவைக்கப்பட்டு, 1969-இல் நிலையாக ஒழிந்தது. ஆகவே அந்நாளைக் கதைகளில் ஐயம் தவறான ஒருவர்மேல் முடியுமாயின், அத்தவற்றைத் திருத்த வழியே இல்லை. கதகதப்பான அறையின் புறத்தே அத்தூக்குமரம் எப்போதும் நின்றது.

இதனை யான் எழுத நேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரும் சிற்றூரே. யான் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பொற்சங்கிலி காணாமற் போயிற்று. அவ்வீட்டில் பாத்திரம் தேய்த்தவளை எல்லாரும் ஐயுற்றனர். எவரும் அவளைக் காவலரிடம் கொண்டு செல்லவில்லை. வேலைக்கு மட்டும் அழைக்கவில்லை. அவள் மகன் என் விளையாட்டுத் தோழன். அவனோடு விளையாடுதலை யானும் நிறுத்தினேன். எவரும் என்னை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. சில திங்கள் கழித்துச் சங்கிலி அரிசிப் பானையின் அடியில் அகப்பட்டது. அப்போது அக்குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. எங்குச் சென்றனர் என்பதை யாரும் கேட்டறியவில்லை.

ஆராயாது வழங்கிய தீர்ப்பால் கோவலன் மாண்டதை வகுப்பறையில் நெஞ்சுருகிப் படிக்கின்றோம். பாண்டியனைக் குறை கூறுகின்றோம். நம் தெருவில் நாமே பாண்டியராய் இருந்ததை எண்ணுவதில்லை. அந்நால்வர் கதையைப் படித்த இரவில், முதிய பணிப்பெண்ணின் பெயர் வந்த இடத்தில், எனக்கு அத்தோழன் முகமே தோன்றியது.

ஆதலின் நண்பர்காள், விடுமுறையில் முதலில் 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' படியுங்கள். பின்னர்ப் பாதர் பிரவுனின் முதற்றொகுதி. அதன்பின் லிம்ஸ்டாக்கின் கதை. கொலைசெய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முயலுங்கள், அதுவும் இன்பமே. ஆனால் கடைசி ஏட்டை மூடுமுன், கதையில் நீங்கள் வீணே ஐயுற்றவர் யார் யார் என ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களும் அவ்வூரில்தான் வாழ்ந்தாக வேண்டும்.