புகையைக் குறைத்த எஞ்சின்

மோட்டார் வண்டி கக்கும் புகை மூச்சுக்குக் கேடு என்பதை நாம் அறிவோம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 1975-க்குள் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமென 1970-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அந்நாட்டின் பெரிய கார்க் கம்பெனிகளோ, அவ்வளவு விரைவில் இயலாது என்று கைவிரித்தன.

இயலும் என்று காட்டியது, மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன ஜப்பானிய ஹோண்டா. அது கார் செய்யத் தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை! ஆனால் ஆராய்ச்சிக்கென்றே 1960-இல் தனி நிறுவனம் அமைத்திருந்தது. பந்தயக் கார் எஞ்சின்களில் கைதேர்ந்த பொறியாளர்களும் அதனிடம் இருந்தனர்.

1972-இல் வெளிவந்த சி.வி.சி.சி. எஞ்சினில் பெரிய அறையோடு ஒரு சிற்றறையும் உண்டு. காற்று மிகுந்த கலவையில் தீ எளிதில் பற்றாது. ஆகவே, பெட்ரோல் மிகுந்த கலவையைச் சிற்றறையில் பற்றவைக்க, அச்சுடர் பெரிய அறைக்குள் பாய்ந்து காற்று மிகுந்த கலவையை நிதானமாக, முழுமையாக எரிக்கிறது. பருத்த விறகை எரிக்க அம்மா முதலில் சுள்ளியைக் கொளுத்துவதில்லையா, அதைப்போலத்தான். நச்சு வாயுக்கள் எஞ்சினுக்குள்ளேயே குறைந்துவிடுவதால், புகையைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி அதற்குத் தேவைப்படவில்லை. ஃபோர்டு, டொயோட்டா கம்பெனிகளும் இம்முறையைப் பயன்படுத்த உரிமம் பெற்றன.

நம்மை மிகவும் கவர்வது வேறொன்று. அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சமமாக நிற்க இதுவே தருணம் என்று நிறுவனர் சோயிச்சிரோ ஹோண்டா மகிழ்ந்தார். இளம் பொறியாளர்களோ, கம்பெனிக்காக அல்ல, சமுதாயத்துக்காகவே உழைக்கிறோம் என்றனர். அச்சொல் அவர் நெஞ்சைத் தைத்தது. 1973-இல் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.