வடுவும் வெயிலும்

புண் ஆறிய இடத்தில் எஞ்சி நிற்கும் அடையாளத்தை வடு என்றும் தழும்பு என்றும் வழங்குகிறோம். இவற்றுள் வடு என்பதற்குக் குற்றம், பழி என்னும் பொருள்களும் உண்டு. (மாம்பிஞ்சும் வடுவே, அது பசிக்கு உரியது, நம் ஆய்வுக்கு உரியதன்று.) உடலில் நின்ற தழும்பைக் குறையாகக் கருதும் மனப்பாங்குக்கு இச்சொல்லே ஓரளவு இடந்தந்தது போலும்.

ஆயினும் சங்கச் சான்றோர் பார்வை வேறு. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில், சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், நீண்ட வெள்ளூசியால் தைக்கப்பெற்று வடுக்கொண்ட வீரர் மார்பினைக் காட்டுகிறார். குளிர்ந்த குளத்துள் மீன் தேடிப் பாய்ந்து மேலெழும் சிரற்பறவை, அதாவது மீன்கொத்தி, அவ்வூசிக்கு உவமையாகிறது. புண்ணைத் தைக்கும் வழக்கம் கேட்போர் நன்கறிந்ததாய் இருந்தாலன்றி இவ்வுவமை எடுபட்டிராது. அவ்வடு புகழுக்குரியது. இன்றோ கழுத்துக் கழலைக்காக அறுவை செய்துகொண்ட பெண்ணின் தழும்பு, மணப்பேச்சு எழும் நாளில் வீட்டாரை உறக்கமிழக்கச் செய்கிறது. அதனை விரைவில் மறைக்கும் ஆவலில் எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும், காலை வெயிலில் காட்டினால் நிறம் ஒன்றிப்போகும் என்று நம்பி அமர்த்துவதும் நிகழ்கின்றன. இவை தீங்கே பயக்கும்.

காரணத்தை நோக்குவோம். தையல் பிரித்த அன்றே புண் முற்றும் ஆறிவிடுவதில்லை. மேலே தோல் மூடிய பின்னும், உள்ளே கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மாதக்கணக்கில் கலைந்து கலைந்து ஒழுங்குபெறுகிறது. தழும்பு முதிர ஓராண்டு ஆகலாம்; சிலர்க்கு அதனினும் மிகும். முதிர்ந்த பின்னும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காடே அது பெறும். இளந்தழும்பு சிவந்து தோன்றுவது அங்குக் குருதி நுண்குழல்கள் மிகுந்திருத்தலால். அந்நிலையில் ஞாயிற்றின் புறஊதாக் கதிர் பட்டால், நிறமி சுரக்கும் உயிரணுக்கள் தூண்டப்பெற்று, தழும்பு சுற்றுத்தோலினும் கறுத்து நெடுங்காலம் அவ்வாறே நின்றுவிடக்கூடும். கருநிறத்தார்க்கு இக்கறுப்பு எளிதில் படியும். நம் தோல் வெயிலுக்குப் பழகியது என்னும் பேச்சு இங்குச் செல்லாது.

மேனாட்டில் சிக்கல் வேறு வடிவினது. மேனியை வெயிலில் வாட்டிப் பழுப்பாக்கிக்கொள்வது 1920களுக்குப் பின் அங்கு அழகெனப் பரவிற்று. அதற்கென விளக்குப் படுக்கைகளும் தோன்றின. 2009இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அப்படுக்கைகளை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. அறுவைக்குப் பின் எப்போது மேனியைப் பழுப்பாக்கலாம் என்று அங்குள்ளோர் மருத்துவரை வினவுவதுண்டு. தோல் பழுப்பேறுவதே கதிர் பட்ட தீங்குக்கு அஃது ஆற்றும் எதிர்வினையாகலின், தழும்பு முதிரும்வரையேனும் பொறுத்திருக்குமாறு கூறுவர். பொறுத்திருந்தாலும் அது தீங்கற்றதாகிவிடாது.

காப்பதற்கு முதல் வழி துணியே. நெருங்க நெய்த முந்தானையோ, முக்காடோ, முழுக்கைச் சட்டையோ போதும், செலவும் இல்லை. முகம், புறங்கை போன்ற மூடவியலா இடங்களில், காப்பெண் 30க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பைத் தடவி, வெளியில் நிற்கையில் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் தடவ வேண்டும். புண்வாய் முற்றும் மூடி, பொருக்கு தானே உதிர்ந்த பின்னரே களிம்பு. திறந்த புண்மீது கூடாது. பொருக்கைப் பிய்த்தலும் கூடாது. பேருந்தில் சன்னலோரம் அமரும் மாணவர் ஒன்றறிக: புறஊதாக் கதிரில் ஒரு வகையைக் கண்ணாடி பெரிதும் தடுக்கும், மற்றொரு வகை அதனூடே புகுந்து வரும்.

தழும்பு தடித்து, அரித்து, புண்ணின் எல்லை கடந்து வளரத் தொடங்கின் அது கீலாய்டு ஆகலாம். கருநிறத்தாரிடம் இது மிகுதி. அதற்குச் சிலிக்கான் தகடு, ஊசிமருந்து முதலியன உள. தோல் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும். வீட்டுக் கைம்மருந்துக்கு அங்கு வேலையில்லை.