பாலைவனத்தில் ஒரு வாவிக்கரை நகரம்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே அமைந்தது லேக் ஹவாசு நகரம். 1994 ஜூனில் அங்கு வெப்பநிலை 53 பாகை செல்சியஸைத் தாண்டியது. கோடையில் வீட்டுக்குள் வளிச்சீராக்கியும் வெளியே வாவியுமே மக்களுக்குத் துணை.

கொலராடோ நதியை மறித்து 1938இல் கட்டிமுடிக்கப்பட்ட பார்க்கர் அணையால் உருவானதே இவ்வாவி. அதன் கரையில் நகரை அமைத்த ரொபர்ட் மெக்கலொக், காணி வாங்க வருவோரை இலவசமாக விமானத்தில் அழைத்துவந்தார். அவர்களைக் கவர, 1968இல் பழைய லண்டன் பாலத்தை வாங்கினார். அது 1971இல் அங்கே திறக்கப்பட்டது.

கேள்வியும் நிரம்பலும் விலையைத் தீர்மானிக்கும் என்று பொருளியலில் கற்கிறோம். இங்கு கேள்விக்கு அடிப்படை நீர். 2021இல் கொலராடோ நதிக்கு முதன்முறையாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. நதி வற்றினால் வீட்டின் விலையும் நிலைக்காது.